அம்மாவின் நாக்கு எரிச்சல் குறையவே இல்லை: எதைக் காரணமாகக் கொள்வது?

பாலக்கோட்டு வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து என் தாயாருக்காக இதை எழுதுகிறேன். அவருக்கு வயது 58. சர்க்கரை நோய்க்காகப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இந்த ஆண்டு புளி உலுக்கும் பருவம் தொடங்கியதிலிருந்து நாக்கு எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலில் காரம் பட்டால் மட்டும் எரிந்தது. இப்போது ரசம் சோறு உண்டாலும், சூடாகத் தேநீர் குடித்தாலும் எரிகிறது என்கிறார். களி உருண்டையைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்கியே பழகியவர், இப்போது குழம்பை ஒதுக்கிவிட்டுக் களியை மோரில் கரைத்துக் குடிக்கிறார்.

பக்கத்து வீட்டார் உடல் சூடு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறார்கள். என் மாமா, ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்று அடித்துச் சொல்கிறார். மருந்துக் கடையில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை ஓர் அட்டை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டு முடித்தும் பெரிய மாற்றம் இல்லை. தேனில் படிகாரம் குழைத்துத் தடவியபோது எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. தாயாருக்கு உணவுக்குப் பின் வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் உண்டு, புகையிலை சேர்ப்பதில்லை. புளி தட்டும் வேலைக்கும் போய் வருகிறார். இவற்றுள் எதைக் காரணமாகக் கொள்வது, வீட்டில் என்ன செய்வது, எந்த மருத்துவரிடம் போவது என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பார்

வணக்கம் தம்பி. புளி தட்டும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுக்கும்போது இடையிடையே ஒரு சுளையை வாயில் போட்டுக்கொள்வது அவர்களுக்குத் தெரியாமலே நடக்கும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கொஞ்சநஞ்சமல்ல. நாள் முழுவதும் சிறிது சிறிதாக நாக்கில் பட்டுக்கொண்டிருந்தால் நுனியும் ஓரமும் வெந்துபோனது போலாகிவிடும். எங்கள் பக்கம் மாங்காய்ப் பருவத்திலும் இதே கதைதான். பறித்தவுடன் காம்பிலிருந்து வடியும் பாலைக் கழுவாமல் காயைக் கடித்தால் உதடும் வாய் ஓரமும் பொரிந்து, சிலருக்குத் தோலே உரிந்துவிடும். அதனால்தான் காம்பை ஒடித்துப் பாலை வடியவிட்டு, நன்றாகக் கழுவிய பிறகே காயைப் பிள்ளைகளிடம் கொடுப்போம்.

ஆனால் இவ்வகை எரிச்சலுக்கு ஓர் இயல்பு உண்டு. காரணமான பொருளை நிறுத்தினால் சில நாட்களில், அதிகம் போனால் ஒரு வாரத்தில், நாக்கு தானாகத் தேறிவிடும். சேனைக்கிழங்கோ சேப்பங்கிழங்கோ சரியாக வேகாமல் நாக்கு அரிப்பதும் அப்படித்தான். அது அன்றோடு போய்விடும். உங்கள் தாயார் புளி வேலைக்குப் போகாத நாட்களில் எரிச்சல் குறைகிறதா என்று கேட்டுப் பாருங்கள். குறையவில்லையென்றால் புளியின் மேல் மட்டும் பழி போட முடியாது.

வீட்டு மருத்துவம் என்றால் எங்கள் வீட்டில் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்து, மிளகாய் சேர்க்காமல் கொடுப்போம். கெடுதல் ஒன்றுமில்லை, நாக்குக்கு இதமாகவும் இருக்கும்.

ஓசூர் பல் மருத்துவர்

நான் பல் மருத்துவம் செய்பவன். நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். மேலே ஐயா சொன்ன புளிக் கணக்கு சரியானது. இருப்பினும் உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது புளியும் அல்ல, ஃபுளோரைடும் அல்ல, பத்து ஆண்டு மெட்ஃபார்மின். அதற்குப் பிறகு வருகிறேன்.

காலையில் பல் துலக்கிய பின், எதுவும் உண்பதற்கு முன், தாயாரை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து நாக்கை நீட்டச் சொல்லுங்கள். கைப்பேசி விளக்கை விடப் பகல் வெளிச்சமே நிறத்தைச் சரியாகக் காட்டும். மேல்பரப்பை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், நாக்கின் நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இரு பக்கமும் திருப்பி ஓரங்களையும், மேலே தூக்கி அடிப்பகுதியையும் பாருங்கள். பெரும்பாலானோர் பார்க்கத் தவறும் இடம் நாக்கின் பின்பக்க ஓரம்; கவலைப்பட வேண்டிய புண்கள் அதிகம் வருவதும் அங்கேதான்.

தயிர்த் திப்பி போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்து, ஈரத் துணியால் துடைத்தால் கழன்று வந்து அடியில் சிவந்த தசை தெரிந்தால், அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், பல் செட்டை இரவிலும் கழற்றாதவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு உறிஞ்சிவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும், நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைச் சாப்பிட்டு முடித்தவர்களுக்கும் இது எளிதில் வரும். மருத்துவர் தரும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தில் சரியாகிவிடும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு வேறு வகை. அதை ஒரு மருத்துவரின் கண் பார்த்தே ஆக வேண்டும்.

சிவந்த திட்டுகள், அவற்றைச் சுற்றி வெளிறிய வளைவான கோடு, இந்த வாரம் ஓரிடத்திலும் அடுத்த வாரம் வேறிடத்திலும் தென்பட்டால் அது ஆபத்தில்லாதது. காரம் பட்டால் எரியும், தானே மறையும், மறுபடியும் வரும். பலர் இதைப் பார்த்துப் பயந்துபோய் வருகிறார்கள். அவர்களுக்கு நான் தரும் மருந்து பெரும்பாலும் ஆறுதல் வார்த்தைதான்.

எரிச்சல் கடுமையாக இருந்தும் நாக்கில் எதுவும் தெரியாமல், காலையில் குறைவாகத் தொடங்கி மாலையில் கூடி, சாப்பிடும் நேரத்தில் மட்டும் சற்றுத் தணிந்தால், அது மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் காணப்படும் எரிவாய் நோயாக இருக்கலாம். மற்ற காரணங்கள் எல்லாம் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த பிறகே அந்த முடிவுக்கு வருவோம். இத்தகையவர்களை வீட்டில் சும்மா சொல்கிறார்கள் என்று தள்ளிவிடுவது வழக்கமாக இருக்கிறது. நரம்பு சார்ந்த உண்மையான வலி அது.

நாக்கு மழமழவென்று வழுவழுப்பாக, பளபளப்பாக, மாட்டிறைச்சி நிறத்தில் சிவந்திருந்தால் சத்துக் குறைவை நினைக்க வேண்டும். ஆரோக்கியமான நாக்கின் மேல் நுண்ணிய மொட்டுகள் அடர்ந்திருப்பதால்தான் அது சொரசொரப்பாக இருக்கிறது. நாக்கின் மேல்தோல் ஓயாமல் தேய்ந்து ஓயாமல் புதிதாக வளர்வது. வளரத் தேவையான இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றுள் ஒன்று குறைந்தாலும் அந்த மொட்டுகள் தேய்ந்து, மீண்டும் முளைக்காமல் போகின்றன. மேல்காப்பு இல்லாத நாக்கில் ரசமும் சுடுவது வியப்பில்லை. உடைந்த பல்லின் கூர்முனை ஒரே இடத்தில் உரசினாலும் எரியும். ஆனால் அது அந்த ஓர் இடத்தில் மட்டுமே இருக்கும்.

நாக்கு வழிக்கும் தகட்டையும் பார்த்து வையுங்கள். எரிகிறது என்பதற்காக அழுக்குதான் காரணம் என்று எண்ணி, விளிம்பு மடங்கிய பழைய தகட்டால் அழுத்தி வழிப்பவர்கள் பலர். குணமாகும் வரை அதை நிறுத்திவிட்டு, மென்மையான பல்துலக்கியால் லேசாகத் தடவினால் போதும். நுரை அதிகம் வரும் பற்பசைகளில் உள்ள சோடியம் லாரில் சல்ஃபேட் சிலருக்கு வாயை எரிய வைக்கும். அது இல்லாத பசைக்கு மாறிப் பார்ப்பதில் இழப்பில்லை.

பென்னாகரம் வாசகர்

மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்கள் வட்டாரத்தில் ஃபுளோரைடு நீரால் பல் பழுப்பேறியவர்களும் மூட்டு மடங்காதவர்களும் இருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்த பிறகும், குழாயில் தண்ணீர் வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்றைத்தான் நம்புகிறோம். அந்த நீர் நாக்கையும் பாதிக்காதா?

ஓசூர் பல் மருத்துவர்

நல்ல கேள்வி, ஏனென்றால் நம் இரண்டு மாவட்டங்களிலும் வாயில் எது வந்தாலும் ஃபுளோரைடின் தலையில் கட்டிவிடுகிறோம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு வழியில்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதற்கு மேல் நீண்ட காலம் குடித்தால் பாதிக்கப்படுவது எலும்பும், குழந்தைப் பருவத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லும். நாக்கு எரிச்சல் அதன் அடையாளம் அல்ல. ஒரே ஒரு மறைமுகத் தொடர்பு உண்டு: ஃபுளோரைடு கடுமையாகத் தாக்கிய பல்லின் எனாமல் குழிகுழியாகிச் சில்லு சில்லாக உடையும், அந்த முரட்டு விளிம்பு நாக்கின் ஓரத்தைக் கிழிக்கலாம். அப்போதும் சரிசெய்ய வேண்டியது பல்லின் விளிம்பைத்தான். ஊரின் நீரை மாற்றுவது வேறு காரணங்களுக்காகத் தேவை. இந்த எரிச்சலுக்காக அதைக் காத்திருக்க வேண்டாம்.

பாலக்கோட்டு வாசகர்

மிக்க நன்றி. இன்று காலை வாசலில் உட்கார வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் படிவு எதுவும் இல்லை. நாக்கின் நுனியும் இரு ஓரங்களும் சிவந்து, மழமழவென்று இருக்கின்றன. என் நாக்கைக் கண்ணாடியில் பார்த்து ஒப்பிட்டபோதுதான் வேறுபாடு நன்றாகத் தெரிந்தது. வாயின் இரு கடையும் வெடித்து, கொட்டாவி விடும்போது இழுக்கிறது என்கிறார். புண் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. பேச்சோடு பேச்சாக, இரவில் பாதம் இரண்டும் மதமதப்பாக இருப்பதாகவும், செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை என்றும் சொன்னார். சர்க்கரை இருப்பதால் அப்படித்தான் இருக்கும் என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம். புளி வேலை இல்லாத நாளிலும் எரிச்சல் குறைவதில்லை. அசைவம் மாதம் ஒருமுறை இருந்தால் அதிகம். பால் தேநீரில் கலப்பதோடு சரி.

கிருஷ்ணகிரி செவிலியர்

அண்ணா, வணக்கம். நான் இந்த மாவட்டத்தில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். மழமழப்பான நாக்கு, வாய்க்கடை வெடிப்பு, பாதத்தில் மதமதப்பு, நீண்டகால மெட்ஃபார்மின், அசைவமும் பாலும் குறைந்த உணவு ஆகிய இவ்வளவும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும்போது பி12 அளவைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து. அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதை அது குறைக்கிறது. நம் கல்லீரலில் பி12 சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருப்பதால், குறைபாடு உடனே வெளிப்படாது. மாத்திரை தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து, யாருக்கும் மாத்திரையின் மேல் சந்தேகம் வராத காலத்தில், நாக்கிலும் பாதத்திலும் தலைகாட்டும். பாத மதமதப்பு சர்க்கரையாலும் வரும், பி12 குறைவாலும் வரும். பார்த்து மட்டும் பிரித்தறிவது கடினம். சர்க்கரையால் வந்ததை முழுவதும் மீட்பது அரிது. பி12 குறைவால் வந்ததைக் காலத்தில் கண்டுபிடித்தால் பெருமளவு மீட்கலாம், நாளாகிவிட்டால் நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடும். அதனால்தான் நாக்கை விடப் பாதத்துக்காக உங்களை அவசரப்படுத்துகிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பி12 பொதுவாக 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று கொள்வார்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் பி12 ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொள்ள வேண்டாம். அளவு ஏறிக் காட்டி, உண்மை மறைந்துவிடும். ஏற்கெனவே பி காம்ப்ளக்ஸ் சாப்பிட்டதை மறக்காமல் சொல்லிவிடுங்கள், அட்டையையும் கொண்டு போங்கள்.

அந்த அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். பி காம்ப்ளக்ஸ் என்ற பெயரில் வரும் எல்லா மாத்திரையிலும் பி12 ஒரே அளவில் இருப்பதில்லை. சிலவற்றில் பி12 மிகக் குறைவாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாகக் கொடுத்தால் ரத்தசோகை தேறியது போலத் தோன்றும். ஆனால் உள்ளே பி12 குறைவால் நரம்பு கெட்டுக்கொண்டே போகும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தில் இருக்கும் சிக்கல் இதுதான். குறைபாடு உறுதியானால் மருத்துவர் ஊசியாகவோ அதிக அளவு மாத்திரையாகவோ கொடுப்பார். பொதுவாக நாக்கு சில வாரங்களில் தேறத் தொடங்கும், நரம்புக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

உணவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கேழ்வரகு நல்ல தானியம். 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் களியோ கீரையோ எவ்வளவு உண்டாலும் அவற்றில் பி12 கிடைக்காது. அது விலங்கு உணவில் மட்டுமே இயல்பாக இருப்பது. முட்டை, மீன், ஈரல், பால், தயிர் ஆகியவற்றுள் அம்மாவுக்கு ஒத்துக்கொள்வதை அன்றாடம் சேருங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் உணவில் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது என் சொந்தக் கருத்து. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. நடக்க முடியாத முதியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் மாத்திரை வீடு தேடி வருவதாலேயே, ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவரை நேரில் பார்க்கும் வழக்கத்தைச் சில குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடமே நாக்கு எரிச்சலையும் பாத மதமதப்பையும் சொன்னால் அவரே எங்கே போவது என்று வழிகாட்டுவார்.

மாரண்டஅள்ளி வாசகர்

செவிலியர் அம்மாவிடம் கேட்க விரும்புவது: எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்கு நாக்கு வெளுத்தால் பொரித்த வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவும் வழக்கம் உண்டு. இங்கே படிகாரம், தேன் என்று பேச்சு வந்ததால் கேட்கிறேன், பெரியவர்களுக்கு அதைத் தடவலாமா?

கிருஷ்ணகிரி செவிலியர்

பெரியவர்களுக்கும் வேண்டாம், குழந்தைக்கு அறவே கூடாது. வெங்காரம் என்பது போராக்ஸ். பச்சிளம் குழந்தையின் உடலில் அது சேர்ந்தால் வாந்தியும் வலிப்பும் வரக்கூடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, முதிராத குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். குழந்தை பால் குடித்தபின் நாக்கு வெளுத்திருந்தால், ஈரத் துணியால் துடைத்துப் போகிறதா என்று முதலில் பாருங்கள். போகவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். படிகாரம் தசையைச் சுருங்க வைக்கும் தன்மை உடையது. மேல்தோல் தேய்ந்த நாக்கில் அதைத் தடவினால் எரியத்தான் செய்யும்.

ஓசூர் பல் மருத்துவர்

செவிலியர் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். வெற்றிலை பாக்கைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். புகையிலை சேர்ப்பதில்லை என்று நீங்கள் எழுதியதில் ஒரு நிம்மதி தொனிக்கிறது. அந்த நிம்மதி முழுமையானதல்ல. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு கன்னத்தின் உட்பக்கத்தை நார் நாராக இறுக்கி, காலப்போக்கில் வாயைத் திறக்க முடியாமல் செய்யும். அந்த நோயின் முதல் அடையாளமே காரம் பட்டால் எரிவதுதான். தாயாரின் வாயில் அவருடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக வைக்க முடிகிறதா, கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு கூடினால் அதுவே நாக்கைச் சுட்டுவிடும் என்பது வெற்றிலை போடும் எவருக்கும் தெரிந்ததே. குறைந்தது நாக்கு தேறும் வரையிலாவது வெற்றிலைப் பெட்டியை மூடி வைக்கச் சொல்லுங்கள். அப்படியே விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

எந்தப் புண்ணானாலும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், இரண்டு வாரத்தைத் தாண்டியும் ஆறாமல் இருந்தாலோ, தொட்டால் கெட்டியாக இருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, கழுத்தில் கட்டி தென்பட்டாலோ அதற்கு மேல் கை வைத்தியம் கூடாது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே நேராகப் போகலாம். நாக்கோ உதடோ திடீரென்று வீங்கி மூச்சுத் திணறினால் அது நேரம் கடத்தக் கூடாத அவசரம். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளாலும் அப்படி வருவதுண்டு.

பாலக்கோட்டு வாசகர்

வாயில் மூன்று விரல்களும் தாராளமாகப் போகின்றன, கன்னமும் மென்மையாகவே இருக்கிறது. வெற்றிலையை நிறுத்துவதற்குத் தாயார் முகம் சுளித்தார். பாத மதமதப்புக்கும் நாக்குக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சொன்ன பிறகு ரத்தப் பரிசோதனைக்கு வர ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை அழைத்துப் போகிறேன். அதுவரை எரிச்சலைத் தணிக்க என்ன கொடுக்கலாம்?

கிருஷ்ணகிரி செவிலியர்

ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு வேளையும் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். சாராயம் கலந்த வாய்க்கழுவிகள் வேண்டாம். களியை ஆறவிட்டு, புளி சேர்க்காத கீரைக் கடைசலோடு கொடுங்கள். தவறிக் காரம் பட்டுவிட்டால் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடிப்பதில் பயனில்லை; மிளகாயின் காரம் நீரில் கரையாது. ஒரு வாய்ப் பாலையோ புளிக்காத தயிரையோ சிறிது நேரம் நாக்கில் வைத்திருந்தால் தணியும். வாய்க்கடை வெடிப்பில் படுக்கும் முன் சிறிது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நாக்கால் நனைத்துக்கொண்டே இருந்தால் வெடிப்பு ஆறாது. இரவில் வாய் உலராமல் இருக்கப் படுக்கையருகே ஒரு செம்பு நீர் வையுங்கள். பாதத்தையும் தினமும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, முள்ளோ கீறலோ இருக்கிறதா என்று கவனியுங்கள், அண்ணா. உணர்ச்சி குறைந்த காலில் குத்தியது அம்மாவுக்குத் தெரியாது. பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.